லத்தீன் சொல் ஒன்றின் வழித்தோன்றல்களை இனங்காண்பது எப்படி?

லத்தீனில் இரவைக் குறிக்கும் சொல் அகராதியில் 'நொக்ஸ்' என்று எழுவாய் வடிவில் நிற்கும். அதிலிருந்து தொடங்காதீர்கள். இத்தாலியம், ஸ்பானியம், பிரெஞ்சு போன்ற மொழிகளின் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமை வடிவத்திலிருந்து கிளைத்தவை. ஆகவே 'நொக்தெம்' என்று எழுதி, பேச்சில் முன்பே தேய்ந்துபோன இறுதி மகர ஒற்றை நீக்கிவிடுங்கள். (மனிதனைக் குறிக்கும் இத்தாலியச் சொல் 'உவோமோ' போல எழுவாயிலிருந்தே வந்தவையும் சில உண்டு.)

எஞ்சும் 'நொக்தெ'யின் கீழே இன்றைய வடிவங்களை எழுதுங்கள்: இத்தாலியத்தில் 'நோத்தே', ஸ்பானியத்தில் 'நோச்சே', போர்ச்சுகீசியத்தில் 'நோய்தெ', பிரெஞ்சில் 'நுயி', ருமேனியத்தில் 'ந்வாப்தே'. இனி, 'க்த்' என்னும் மெய்ம்மயக்கம் ஒவ்வொரு மொழியிலும் என்னவாயிற்று என்பதை மட்டும் கவனியுங்கள். இத்தாலியத்தில் அது தகர இரட்டிப்பாகவும், ஸ்பானியத்தில் சகரமாகவும், ருமேனியத்தில் 'ப்த்' ஆகவும் மாறியிருக்கிறது. போர்ச்சுகீசியத்திலும் பிரெஞ்சிலும் ககர ஒற்று இகர ஒலியாகக் கரைந்துவிட்டது.

ஒரு சொல்லை வைத்து முடிவுக்கு வரலாகாது. பாலைக் குறிக்கும் 'லக்தெ' முறையே லாத்தே, லேச்சே, லெய்தெ, லே, லாப்தே என ஆகியிருப்பதைப் பார்க்கும்போதுதான் நாம் கண்டது விதி என்ற உறுதி பிறக்கிறது. இயன்றால் பழைய ஆவணங்களையும் பாருங்கள். பிரெஞ்சின் மிகப் பழைய ஆவணமாகக் கருதப்படும் 842-ஆம் ஆண்டின் ஸ்திராஸ்பூர் உறுதிமொழியில், 'நேரானது' என்று பொருள்படும் லத்தீன் 'திரெக்தும்' ஏற்கெனவே 'த்ரெயித்' என்று ஆகிவிட்டது. இன்றைய பிரெஞ்சில் 'ட்ருவா' என ஒலிக்கும் சொல்லின் இடைநிலையை அங்கே நேரிலேயே காண்கிறோம், எனக்கு இதைவிட மனநிறைவு தரும் சான்று வேறில்லை.

விதிக்கு உட்படாத சொல் எதிர்ப்பட்டால், அது பின்னாளில் அறிஞர்கள் ஏட்டு லத்தீனிலிருந்து எடுத்துக்கொண்ட கடன்சொல்லா என்று ஆராயுங்கள். ஸ்பானியத்தில் 'நோச்சே', ஒலி திரிந்து வந்த தற்பவம் போன்றது. 'இரவுக்குரிய' என்னும் பொருளுடைய 'நொக்துர்னோ', ஒலி திரியாமல் வந்த தற்சமம் போன்றது.

ஒலியொற்றுமையை மட்டும் நம்புவதே இதில் பெரும் பிழை. ஜெர்மனின் 'நாக்ட்' லத்தீனிலிருந்து வந்ததன்று. இரண்டுக்கும் இந்தோ-ஐரோப்பிய மூலம் பொது என்பதால் அது உடன்பிறப்பு. 'உடைத்தாயிருத்தல்' என்ற பொருளில் லத்தீன் 'ஹபேரே'யும் ஜெர்மன் 'ஹாபன்' என்பதும் அச்சில் வார்த்தாற்போல் இருந்தும் உறவற்றவை. பின்னதற்கு உண்மையான உறவு, 'பற்றுதல்' என்று பொருள்படும் லத்தீன் 'கபெரே'.