சின்ன அரங்குல நாடகம் பாக்க போறீங்களா? போறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

சினிமாவுக்கு போற மாதிரியே கிளம்பி போயி, பாதி நேரம் சீட்ல நெளிஞ்சிட்டு உக்காந்திருந்து, "நமக்கு நாடகம்லாம் செட் ஆகாதுப்பா"ன்னு முடிவு கட்டிட்டு வர்றவங்க நெறைய பேர். நடந்தது என்னன்னா, வேற மாதிரி இடத்துக்கு வழக்கமான பழக்கத்தோட போயிட்டாங்க. அம்பது, நூறு சீட் இருக்கிற அரங்குல நீங்க நடிகர்கள பாக்குற மாதிரியே அவங்களுக்கும் நீங்க தெரியிறீங்க. நீங்க சிரிக்கிறது, இருமுறது, சேர் கிறீச்சிடுறது எல்லாமே அவங்க காதுல விழும், அத வச்சுதான் அடுத்த டயலாக்க எப்ப எடுக்கணும்னு முடிவு பண்றாங்க. நல்ல நடிகர்னா சிரிப்பு முழுசா அடங்குறதுக்கு துளி முன்னாடி அடுத்த வரிய எடுப்பார், கவனிச்சு பாருங்க, செம அழகா இருக்கும்.

முதல்ல எந்த ஷோன்னு பாத்துக்கோங்க. இந்த மாதிரி சின்ன நாடக ட்ரூப்ல நெறைய பேர் பகல்ல வேற வேலைக்கு போறவங்க, அதனால பெரும்பாலும் ரெண்டு மூணு வாரக்கடைசியோட நாடகம் முடிஞ்சிடும். முதல் நாள் கூட்டம் பூரா நடிக்கிறவங்களோட சொந்தக்காரங்களும் ஃப்ரெண்ட்ஸும்தான், கைதட்டல் பறக்கும், ஆனா மேடையில கொஞ்சம் பதட்டம் இருக்கும். என்ன கேட்டா ரெண்டாவது வாரம் போங்கன்னுதான் சொல்லுவேன், அதுக்குள்ள எல்லாரும் செட்டில் ஆகி வேகம் பிடிபட்டிருக்கும். காமெடி நாடகம்னா மட்டும் கூட்டம் வர்ற சனிக்கிழமை ராத்திரிய எடுங்க, பத்து பேரோட உக்காந்தா சத்தமா சிரிக்கவே நமக்கு கூச்சமா இருக்கும்.

டிக்கெட் எடுக்கும்போது சின்ன எழுத்துல போட்டிருக்கிறதையும் படிங்க. எத்தன நேரம் ஓடும், இன்டர்வெல் உண்டா, பளிச்சு பளிச்சுன்னு வெட்டுற லைட், புகை, துப்பாக்கி சத்தம் இருக்கா, எந்த வயசு புள்ளைங்கள கூட்டிட்டு வரலாம்னு அதுல இருக்கும். வலிப்பு வர்றவங்க, ஆஸ்துமா இருக்கிறவங்க கூட வந்தா இத கண்டிப்பா பாத்துடணும். கடைசி நேரத்துல போக முடியலன்னா ஒரு மெசேஜ் போட்டுடுங்க, சீட்டே கொஞ்சம்தான், வாசல்ல யாராவது காத்திட்டு இருப்பாங்க.

லேட்டா மட்டும் போகாதீங்க ப்ளீஸ். பல சின்ன அரங்குல உள்ள வர ஒரே கதவுதான், அதுவும் மேடைய ஒட்டியே இருக்கும், லேட்டா வந்தா நடிச்சிட்டு இருக்கிறவங்கள தாண்டிதான் சீட்டுக்கு போகணும். அதனாலதான் சீன் மாறுற வரைக்கும் வெளியவே நிக்க வைப்பாங்க, கோவப்படாதீங்க. பொதுவா அரை மணி நேரம் முன்னாடி கதவ தொறந்துடுவாங்க, அப்பவே போயிடுங்க, ஏன்னா சீட் நம்பர் இருக்காது, முதல்ல வர்றவங்களுக்குதான் நல்ல இடம்.

எங்க உக்காரலாம்? தரை சமமா இருந்தா முன்னாடி ரெண்டு வரிசை, இல்லன்னா முன்னாடி இருக்கிறவர் தலையதான் பாத்துட்டு இருப்பீங்க. படிப்படியா ஏறுற சீட்டா இருந்தா நடுவுல மூணாவது நாலாவது வரிசை பிரமாதம். மூணு பக்கமும் ஆளுங்க உக்காருற மேடைன்னா நடுப்பக்கத்த பிடிங்க, ஓரத்துல உக்காந்தா சில சமயம் முதுகு மட்டும்தான் தெரியும். முதல் வரிசைல உக்காந்தா கால நீட்டாதீங்க, பைய தரையில வைக்காதீங்க, அந்த வழியா ஒருத்தர் ஓடி வரலாம்.

அடுத்து ஃபோன். சைலன்ட் பத்தாது, ஸ்விட்ச் ஆஃப். சீன் மாறும்போது மேடை கும்மிருட்டாகும் பாருங்க, அந்த நேரத்துல தரையில ஒட்டின, இருட்டுல மினுங்குற சின்ன சின்ன டேப் துண்டுகள மட்டும் நம்பி மேடையில இருக்கிறவங்க நடக்குறாங்க, மேசைய தூக்குறாங்க, சரியா அந்த அடையாளத்து மேல கொண்டு வந்து வைக்கிறாங்க. கண்ணு இருட்டுக்கு முழுசா பழகவே 20 நிமிஷத்துக்கு மேல ஆகும், அந்த நேரம் பாத்து நீங்க "டைம் என்ன"ன்னு ஸ்க்ரீன ஆன் பண்ணா ஒரு நொடில அவங்க கண்ணு கூசி தடுமாறிடுவாங்க. கைல கட்டின ஸ்மார்ட் வாட்சும் அதே கதைதான், கழட்டி பைக்குள்ள போடுங்க. மிட்டாய் கவர், தண்ணி பாட்டில் மூடி எல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பிரிச்சு வச்சுக்கோங்க, பல இடத்துல மைக்கே இருக்காது, மெதுவா பிரிச்சா சத்தம் இன்னும் நீளமாதான் கேக்கும்.

நாடகம் ஆரம்பிச்சு முதல் அஞ்சு பத்து நிமிஷம் ஒட்டலன்னா பயப்படாதீங்க, காது அந்த குரலுக்கு பழகணும். செட்டுன்னு பெருசா எதுவும் இருக்காது, ஒரே நாற்காலி ஒரு சீன்ல காரு, அடுத்த சீன்ல ஆஸ்பத்திரி பெட்டு, நீங்களும் சரின்னு நம்பிட்டீங்கன்னா அது ஓடும். அப்புறம் எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம், பேசுறவங்கள விட்டுட்டு கேட்டுட்டு இருக்கிறவங்கள பாருங்க, இங்க க்ளோஸப் எத காட்டணும்னு முடிவு பண்றது நீங்கதான். யாராவது வரிய மறந்துட்டா எடுத்துக் குடுக்காதீங்க, அமைதியா இருங்க, கூட நடிக்கிறவர் எப்படியாவது இழுத்துட்டு வந்துடுவார், அந்த மீட்பும் பாக்க வேண்டிய ஒண்ணு.

முடிஞ்சதும் உடனே கிளம்பாதீங்க. பல ட்ரூப்ல நடிகர்களே வெளிய வந்து நிப்பாங்க. "சூப்பர்"னு மட்டும் சொல்லாம ஒரு இடத்த குறிப்பிட்டு சொல்லுங்க, "அந்த லெட்டர படிக்காமயே மடிச்சு வச்சீங்களே, அங்க எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு"ன்னு. நாடகம் புடிக்கலன்னா பொய் சொல்ல வேணாம், புடிச்ச ஒரே ஒரு விஷயத்த சொன்னா போதும், அது லைட்டிங்கா கூட இருக்கலாம். வெளிச்சம், சவுண்டு பாத்துக்கிறவங்க கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க, அவங்கள யாரும் கண்டுக்கிறதே இல்ல.

நல்லா இருந்துச்சுன்னா அன்னிக்கு ராத்திரியே நாலு பேருக்கு சொல்லுங்க, அடுத்த வாரம் சொன்னா நாடகம் முடிஞ்சே போயிருக்கும்.