சனிக்கிழமை சாயங்காலம் திறக்கும் பேரேடு

முப்பத்தொரு வருசம் நெல் மண்டியில் கணக்கு எழுதியவன் நான். ஓய்வுக்குப் பிறகு கையில் மிஞ்சியது ஒரு பழைய மொபெட், எட்டடித் தூண்டில் ராடு, ஒரு பேரேடு. தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகத் தொண்டிக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஞாயிறு விடியலில் அவ்வளவு தூரம் போய், கடல் சேறாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துத் திரும்பிய நாள்கள் நிறைய. பெட்ரோல் பற்று, வரவு சுழி. அப்புறம்தான், போகலாமா வேண்டாமா என்பதைச் சனிக்கிழமை சாயங்காலமே முகப்பில் உட்கார்ந்து தீர்மானிக்கப் பழகினேன். காரைக்குடி, புதுவயல் பக்கத்துப் பிள்ளைகள் புதிதாக ராடு வாங்கிவிட்டு “எப்ப போனா மீன் படும் ஐயா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

முதலில் பஞ்சாங்கம். நல்ல நேரம் பார்க்க இல்லை, திதி பார்க்க. தொண்டிப் பக்கம் கடல் ஏறுவதும் (ஏற்றம்) இறங்குவதும் (வற்று) பெரிதில்லை. அமாவாசை பௌர்ணமிக்குக்கூட ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் கரை தாம்பாளம் மாதிரித் தட்டை. முக்கால் அடி தண்ணீர் இறங்கினாலே விளிம்பு ஐம்பது அறுபது தப்படி உள்ளே போய்விடும். தண்ணீர் திரும்பிக் கடற்புல் மேல் ஏறும்போது, இரை தேடிக் கிழங்கான், ஒரா மீன்களும் கூடவே வரும். ஏற்றம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் என் பேரேட்டில் வரவு அதிகம். அமாவாசை, பௌர்ணமி கழிந்த இரண்டு மூன்று நாளில் ஓட்டம் நன்றாக இருக்கும். அட்டமி நவமியில் நம் வீடுகளில் நல்ல காரியம் தொடங்கமாட்டோம் அல்லவா, தூண்டிலுக்கும் அது சரிதான். காரணம்தான் வேறு. சூரியனும் சந்திரனும் ஒன்றுக்கொன்று குறுக்கே நின்று இழுப்பதால் தண்ணீர் சோம்பிக் கிடக்கும்.

வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போகிறவர்கள் எல்லாருமே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு அள்ளிக்கொண்டு வந்திருப்பார்கள். இந்த ஞாயிறும் அதே ஆறு மணிக்குப் போய் நிற்பார்கள். ஒன்றும் இருக்காது. ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளைக்கு 350 நிமிடம், அதாவது ஆறு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. ஆறு மணி நேரம் தள்ளினால் ஏற்றம் இருந்த இடத்தில் வற்று வந்து உட்கார்ந்துவிடும். அதே நேரம் ஏறக்குறையப் பழையபடி அமைவது அடுத்த ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு. கணக்கெழுதும் தொழிலில் இருந்த எனக்கே இது பிடிபட நான்கு மாதம் ஆனது. பேரேட்டில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மீன் விழுந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. சந்தேகம் இருந்தால், போனவுடன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். திரும்பி வரும்போது குச்சி தண்ணீருக்குள் நின்றால் ஏற்றம். மணலில் நின்றால் இன்னொரு டீ.

அடுத்தது காற்று. இங்கே நம் கடல் மன்னார் வளைகுடாவுக்கு நேர் எதிர். ஆனி ஆடியில் அந்தப் பக்கம் கொந்தளிக்கும்போது, பாக் நீரிணையின் நம் கரை குளம் போல் கிடக்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிப்பதால் அலை கரைக்கு வராது. ஐப்பசியில் வாடை எடுத்துவிட்டால் எல்லாம் தலைகீழ். ஆழமில்லாத கடல், அடிச்சேறு கிளம்பிவிடும்.

தண்ணீர் படுத்திருக்கிறதே என்று கச்சானை நம்பிவிடக்கூடாது. ஓர் ஆடி மாதம் சின்ன வள்ளத்தில் ஒரு தம்பியோடு போனேன். இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் ஆழத்தில் இஞ்சின் நின்றது. கண்ணுக்கு அலையே இல்லை, ஆனால் கரையில் இருந்த தென்னை மரங்கள் மெல்ல மெல்லக் குட்டையாகிக்கொண்டே போயின. நான் கயிற்றைப் பிடித்து இழுஇழு என்று இழுத்துக்கொண்டிருந்தேன். “கணக்கய்யா, இஞ்சினை விடுங்க, மொதல்ல நங்கூரத்தைப் போடுங்க” என்று அந்தத் தம்பி கத்தினான். போட்டோம், நின்றது. வேறு வள்ளம் வந்து கட்டி இழுக்க மூன்று மணி நேரம். அன்றிலிருந்து நங்கூரமும் மிதவைச் சட்டையும் இல்லாத வள்ளத்தில் நான் ஏறுவதில்லை. ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று வானிலை ஆய்வு மையம் சொன்னால் கரைத் தூண்டிலும் கிடையாது. அலை உயரம், காற்று வேகத்துக்கு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் முன்னறிவிப்பைப் பார்ப்பேன். அவர்களே மீன் கூடும் இடம் என்றும் ஒன்று தருகிறார்கள். செயற்கைக்கோள் வழியாகக் கடல்பரப்பின் சூட்டையும் பச்சையத்தையும் பார்த்துச் சொல்வது. அது படகுக்காரர்களுக்கு. முழங்கால் தண்ணீரில் நிற்கும் நமக்கு அதனால் பயனில்லை.

தண்ணீர் நிறத்தைப் போய்த்தான் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் ஊளி, பாரைக்கு மினுக்கும் லூர் (பொய் இரை) எறியலாம். தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் லூரைப் பெட்டியில் வைத்துவிட்டு இறால் துண்டைக் குத்துங்கள், மணம் பிடித்து வரும். மழைத் தண்ணீர் வந்து கலக்கும் கழிமுகத்தில் கலங்கல் என்றால் கொடுவாவுக்கு நல்லது, உயிர் இறால் வேண்டும். சித்திரை, வைகாசியில் கரைத் தண்ணீர் வெந்நீராகிவிடுவதால் ஏழரை மணிக்கு மேல் நிற்பது வீண். அதே சமயம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இழுவைமடி இல்லாத அந்த அறுபத்தொரு நாளில் மீன் கொஞ்சம் தைரியமாகக் கரை ஒதுங்குகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. பேரேடும் ஆமாம் என்கிறது, ஆனால் என் ஒருவன் கணக்கு அது.

மீன் பெயரில் ஒரு எச்சரிக்கை. கூகுளில் சீலா என்று தேடிக் குழம்பாதீர்கள். சென்னையில் ஊளிக்கே அந்தப் பெயர், தூத்துக்குடியில் வஞ்சிரத்துக்கு. நான் ஊளி என்பது நீள மூஞ்சியும் ஊசிப்பல்லும் உள்ளதை. அதன் பல் தங்கூசியை (நைலான் இழையை) நூல் மாதிரி அறுத்துவிடும், தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டாயம். மற்றபடிச் சாமான்களுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். கிழங்கானுக்குச் சின்ன முள், சின்ன ஈயம், விரல்நுனியளவு இறால். கடி “டொக் டொக்” என்று இரண்டு தட்டாக வரும், இரண்டாவதற்குச் சுண்டுங்கள். தட்டே இல்லாமல் இரை காணாமல் போனால் பேத்தை. சுற்றி எடுத்துப் பார்த்தால் முள்ளே இருக்காது, தங்கூசி முனை கத்தரித்த மாதிரி இருக்கும். இரண்டு முள் போனால் இடத்தை மாற்றுங்கள், பிடிவாதம் வேண்டாம். பேத்தை விஷ மீன், பூனைக்குக்கூடப் போடாதீர்கள்.

ஒராவும் கெளுத்தியும் முள்ளால் குத்தும். துணியால் பிடித்துக் குறடால் கழற்றுங்கள். குத்திவிட்டால், தாங்குகிற சூட்டு வெந்நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கையை வைத்தால் கடுப்பு இறங்கும். அப்புறம் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் காலை இழுத்து இழுத்து நடங்கள், திருக்கை விலகிப் போகும். கடல் அட்டை காலில் பட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள், கையில் எடுத்து வந்தால் வழக்கு.

இனி பேரேடு. மேலே பிள்ளையார் சுழி, நம் ஊர் வழக்கம். திதி, ஏற்றம் தொடங்கிய மணி, காற்று, தண்ணீர் நிறம், இரை, இடம். கீழே பற்றும் வரவும். என் பக்கம் ஒன்று:

“புரட்டாசி, ஞாயிறு. துவிதியை. ஏற்றம் 6.10. கச்சான் லேசு, தண்ணி தெளிவு. நம்புதாளைப் பக்கம். இறால் துண்டு. வரவு: கிழங்கான் 14, ஒரா 2. பற்று: பெட்ரோல், இறால், பேத்தைக்கு முள் 3. எட்டே காலுக்குக் கடி நின்றது.”

வெறுங்கையோடு வந்த நாளை எழுதத்தான் பையன்களுக்கு மனம் வராது. மண்டியில் நட்டத்தை எழுதாத கணக்குப்பிள்ளையை முதலாளி ஒரு நாள் வைத்திருக்க மாட்டார். வருசக் கடைசியில் நகரத்தார் வீடுகளில் ஐந்தொகை போடுவதுபோல் நானும் மீனுக்குப் போடுவேன். எந்தத் திதி, எந்தக் காற்று, எத்தனை மீன். வீட்டில் அவள், “கிலோ என்ன விலைக்கு விழுந்துச்சுன்னு அதையும் போடுங்க” என்பாள். அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

நாளைக்கு அட்டமி. வாடையும் எடுத்துவிட்டது. ரீலைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, வளவில் துணி விரித்துக் காயவைத்திருக்கிறேன். காலையில் கிரீஸ் போட வேண்டும்.