பைக்ல ஆயில் பிரச்சனையா? வீட்லயே கண்டுபிடிக்கிறது எப்படி

இன்ஜினைப் பிரிச்சு வேலை பாக்கணும்னு மெக்கானிக் சொன்னதும் தலையாட்டிட்டு வந்துடாதீங்க, அதுக்கு முன்னாடி நீங்களே பாக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்குத்தான் இது, ஆயிலையும் சேர்த்து எரிக்கிற டூ ஸ்ட்ரோக் ஆர்எக்ஸ் 100 வெச்சிருக்கவங்களுக்குப் புகை வரலன்னாதான் பயம்.

முதல்ல லெவல் பாருங்க. மூணு நிமிஷம் ஐடில்ல ஓடவிட்டு ஆஃப் பண்ணி, ஆயில் கீழ இறங்க ரெண்டு மூணு நிமிஷம் விட்டு, சமமான தரைல சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பாக்கணும், சைட் ஸ்டாண்ட்ல பாத்தா தப்பாதான் காட்டும். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டில டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பாக்குற குச்சியத் துடைச்சுட்டு திருகாம சும்மா உள்ள விட்டு எடுக்கணும், பல்சர், இப்போ வர்ற புல்லட்ல இன்ஜின் சைடுல லெவல் பாக்குற கண்ணாடி இருக்கும். 100 சிசி வண்டில மொத்த ஆயிலே ஒரு லிட்டர் பக்கம்தான், அதுல 300 மில்லி குறைஞ்சாலே பெரிய விஷயம். அதுக்குன்னு ரொம்ப ஊத்துனாலும் பிரீதர்ங்கிற இன்ஜின் காத்து போற குழாய் வழியா ஏர் ஃபில்டர் பாக்ஸுக்கு ஏறிடும்.

கலர் கருப்பா இருக்குன்னு பதறாதீங்க, ஓடுன ஆயில் கருக்கத்தான் செய்யும். மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சு, லெவலும் தானா ஏறியிருந்தா கார்புரேட்டர் வண்டில பெட்ரோல நிறுத்துற ஃப்ளோட் ஊசி சரியா அடைக்கல, பெட்ரோல் இன்ஜினுக்குள்ள இறங்குதுன்னு அர்த்தம். அதோட ஓட்டாதீங்க, ஊசியச் சரி பண்ணி ஆயிலயும் மாத்துங்க.

அடுத்து லீக். ராத்திரி வண்டிக்கு அடில அட்டை விரிச்சு வைங்க, காலைல சொட்டு எங்க விழுந்திருக்குன்னு பாருங்க. ட்ரெய்ன் போல்ட்டுக்கு நேரா இருந்தா பழைய வாஷரையே திரும்ப போட்டிருப்பாங்க. கியர் லீவர், செயின் ஸ்ப்ராக்கெட் பக்கம்னா ஆயில் சீல். இதெல்லாம் சின்ன செலவு.

புகைதான் முக்கியம், பர்ஸ் காலியாகுற இடமும் இதுதான். காலைல ஸ்டார்ட் பண்ணதும் நீலப் புகை கொஞ்ச நேரம் வந்துட்டு நின்னுடுச்சுன்னா பெரும்பாலும் வால்வு சீல், அதுக்கு ஹெட் கழட்டினா போதும். ஆனா வண்டி சூடான பிறகும் முறுக்க முறுக்க நீலமா வந்துட்டே இருந்தா பிஸ்டன் ரிங் இல்லன்னா போர் (சிலிண்டரோட உள் சுவர்) தேய்ஞ்சிருக்கும். நீங்க ஓட்டும்போது தெரியாது, பின்னாடி வர்ற ஃப்ரெண்ட பாக்கச் சொல்லுங்க. குளிர்ல வெள்ளையா வந்து காத்துல மறையறது வெறும் நீராவி. சந்தேகம்னா சிலிண்டர் பிரஷர அளக்குற கம்ப்ரஷன் கேஜ் போடச் சொல்லுங்க. பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாக்கும்போது பிரஷர் நல்லா ஏறுச்சுன்னா ரிங் பக்கம், ஏறலன்னா வால்வு பக்கம். கேஜே இல்லாம போர் வேலைன்னு அடிச்சு சொல்ற ஆள்கிட்ட வண்டிய விடாதீங்க.

இன்ஜின் கத்துது ஆனா வண்டி இழுக்கலன்னா, கடைசியா என்ன ஆயில் ஊத்துனீங்கன்னு பாருங்க. நம்ம பைக்ல கிளட்ச் பிளேட்டும் அதே ஆயில்லதான் ஊறுது, கார் ஆயில் ஊத்துனா வழுக்க சான்ஸ் இருக்கு, டப்பால பைக் ஆயிலுக்கான தரக்குறியீடு ஜாஸோ எம்ஏ (JASO MA) இல்லன்னா எம்ஏ2ன்னு (MA2) போட்டிருக்கணும்.

ஆயில் பால் ஊத்துன டீ மாதிரி ஆயிருந்தா தண்ணி கலந்திருக்கு. கூலன்ட் ஊத்துற வண்டின்னா கேஸ்கெட் (இன்ஜின் பாகங்களுக்கு நடுவுல லீக்க அடைக்கிற தகடு) செக் பண்ணணும். மழை வெள்ளத்துல முங்குன வண்டின்னா ஸ்டார்ட்டர் பட்டன தொடவே தொடாதீங்க, தள்ளிட்டே போய் ஆயில மாத்துங்க.