கிரியாட்டினின் நார்மல் என்பதோடு நின்றுவிடாதீர்கள்

"யூரியா, கிரியாட்டினின் ரெண்டும் நார்மல். கிட்னியில் ஒன்றுமில்லை." இதைக் கேட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறவர்களில் சிலருக்குக் கோளாறே கிட்னியில்தான் இருக்கும். சிறுநீரக நுண்குழல் அமிலத்தேக்கம் என்று அதற்குப் பெயர், மருத்துவர்கள் ஆர்.டி.ஏ. என்பார்கள்.

சிறுநீரகம் முதலில் ரத்தத்தை வடிகட்டும். பிறகு வடிந்த நீரை நுண்குழல்களில் ஓடவிட்டு, உடம்புக்கு வேண்டியதை மீட்டுக்கொண்டு, மிஞ்சிய அமிலத்தை வெளியே தள்ளும். கிரியாட்டினின் காட்டுவது வடிகட்டும் வேலையை மட்டும். நுண்குழல் பழுதானால் கிரியாட்டினின் பெரும்பாலும் வாய் திறக்காது. பேசுவது ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட். பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 22 முதல் 28 வரை இருக்க வேண்டும். வளராத குழந்தை, வளைந்த கால்கள், திரும்பத் திரும்ப வரும் கல், காரணம் தெரியாமல் குறையும் பொட்டாசியம் இவற்றில் ஒன்று இருந்தாலும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் நான்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் பைகார்பனேட் விடுபட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள்.

பைகார்பனேட் குறைந்து குளோரைடு ஏறியிருந்தாலே ஆர்.டி.ஏ. என்று முத்திரை குத்துவதும் தவறு. நாலு நாள் பேதியான குழந்தையின் ரத்தமும் அப்படித்தான் இருக்கும். பேதி நின்றபின் மறுபடி பார்க்க வேண்டும். சிறுநீரின் அமில அளவைப் பார்க்கும்போது சாம்பிள் புதிதாக இருக்க வேண்டும். வெகுநேரம் திறந்து கிடந்த சிறுநீரும், சில கிருமித் தொற்றுள்ள சிறுநீரும் பொய்க் கணக்குக் காட்டும். சிரமப்பட்டு எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் பொட்டாசியம் கூடுதலாகத் தெரியும். அந்த எண்ணை நம்பி மருந்து தொடங்கக் கூடாது.

ஆர்.டி.ஏ. ஒரே நோயல்ல. எனக்கு மிகவும் கவலை தருவது இந்தக் குழப்பம்தான். முதல் வகையில் நுண்குழலின் கடைசிப் பகுதி அமிலத்தை வெளியேற்றத் தவறுகிறது. பொட்டாசியம் குறைகிறது, சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிகிறது, கல் வருகிறது. இரண்டாம் வகையில் முன்பகுதி பைகார்பனேட்டை மீட்காமல் விட்டுவிடுகிறது. இங்கும் பொட்டாசியம் குறையும். நான்காம் வகை நேர்மாறு. பொட்டாசியத்தை வெளியேற்றச் சொல்லும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைவதாலோ வேலை செய்யாததாலோ பொட்டாசியம் ஏறிவிடும். பல வருடச் சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம் காண்பது இதைத்தான். மூன்றாம் வகை மிக அரிது.

ஆகவே, பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே நோய் என்று அவருடைய சிரப்பை வாங்கிக் குடிக்காதீர்கள். நீர்க்கடுப்புக்கும் கல்லுக்கும் தரும் சிட்ரேட் சிரப்புகளில் சில பொட்டாசியம் கலந்தவை, சில சோடியம் கலந்தவை. பாட்டில்கள் ஒன்றுபோல இருக்கும். முதல் வகைக்காரருக்கு மருந்தாகும் பொட்டாசியம் சிட்ரேட் நான்காம் வகைக்காரரின் இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். இளநீரும், சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பும் அப்படியே. அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன், கோட்ரைமாக்சசோல், வலி மாத்திரைகள் இவையெல்லாம் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. தானாக நிறுத்தவும் வேண்டாம், பொட்டாசியம் பார்க்காமல் தொடரவும் வேண்டாம்.

காலையில் கண் விழித்தால் கைகால் தூக்க முடியவில்லை என்று ஒருவர் வருகிறார். ஆர்.டி.ஏ.வால் பொட்டாசியம் மிகவும் குறைந்து இரண்டுக்குப் பக்கத்தில். "சத்துக் குறைவு, ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் சரியாகும்" என்பது பழகிப்போன யோசனை. குளுக்கோஸ் ஏறினால் இன்சுலின் சுரக்கும். அது இருக்கிற பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும். அமிலத்தைச் சரிசெய்யும் பைகார்பனேட்டும் அதையே செய்யும். முதலில் பொட்டாசியத்தை ஏற்றிக்கொள்ளாவிட்டால் மூச்சுத் தசைகளும் தளர்ந்துபோகலாம். பொட்டாசியம் ஏறி அவர் எழுந்து நடந்ததும் எல்லாம் முடிந்தது என்று அனுப்பிவிடுவது அடுத்த தவறு. நடுவயதுப் பெண்ணாக இருந்தால் கண் உறுத்துகிறதா, வாய் வறண்டு தண்ணீர் இல்லாமல் இட்லிகூட இறங்கவில்லையா என்று கேட்க வேண்டும். உடம்பின் எதிர்ப்புசக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய் பல நேரம் முதல் வகை ஆர்.டி.ஏ.வாகத்தான் தலைகாட்டும். அதே போன்ற எதிர்ப்புசக்திக் கோளாறான லூப்பஸும் அப்படி வரலாம்.

கால் வளைந்த குழந்தைக்கு வைட்டமின் டி கொடுப்பதில் தவறில்லை. எலும்பு தேறவில்லை என்று 6 லட்சம் யூனிட் ஊசியை மறுபடி மறுபடி போடுவதுதான் தவறு. அமிலம் எலும்பைக் கரைத்துக்கொண்டிருக்கும்போது வைட்டமினால் மட்டும் என்ன செய்ய முடியும்? மிஞ்சிய கால்சியம் சிறுநீரகத்தில் படியும்.

இரண்டாம் வகையில் இன்னொரு பொறி. சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரை இருக்கும், ரத்தச் சர்க்கரை சரியாக இருக்கும். இதற்குச் சர்க்கரை மாத்திரை தரக் கூடாது. பாஸ்பேட்டும் சேர்ந்து வெளியேறினால் அது ஃபேன்கோனி நோய்க்கூட்டம். குழந்தைகளிடம் பரம்பரைக் கோளாறுகளான சிஸ்டினோசிஸ், வில்சன் நோய், பெரியவர்களிடம் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய், எச்.ஐ.வி.க்குத் தரும் டெனோஃபோவிர் மருந்து என்று காரணத்தைத் தேட வேண்டும்.

மருந்தின் அளவு பலரைத் திகைக்கவைக்கிறது. முதல் வகையில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 1 முதல் 2 மில்லிஈக்விவலென்ட் காரம் (அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் அல்லது சிட்ரேட் மருந்து) போதும். இரண்டாம் வகையில் 10 முதல் 15 வரைகூடத் தேவைப்படும். இத்தனை மாத்திரையா என்று பயந்து பாதியாகக் குறைப்பவர்கள் உண்டு. குழந்தை கொஞ்சம் உயரமானதும் நிறுத்திவிடும் பெற்றோரும் உண்டு. பரம்பரையாக வந்த முதல் வகைக்கு மருந்து ஆயுள் முழுக்க. எடை கூடக் கூட அளவையும் மாற்ற வேண்டும். வேளைகளைப் பிரித்துத் தர வேண்டும், இரவு வேளை உட்பட.

இந்தப் பரம்பரை வகையில் சிலவற்றோடு காது கேளாமையும் வரும். காரம் கொடுத்தால் எலும்பு தேறும், உயரம் வரும், காது திரும்பாது. அதனால் நோய் தெரிந்த உடனே செவித்திறன் சோதனை செய்துவிடுங்கள். பேச்சு வரும் வயதில் காதுக் கருவி தாமதமாகக் கூடாது. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று உறவுக்குள் மணம் முடித்த வீடுகளில் ஒரு குழந்தைக்கு இது இருந்தால், கைக்குழந்தையாக இருக்கும் தம்பி தங்கைக்கும் ஒருமுறை பைகார்பனேட் பார்த்துவிடுங்கள், கால் வளையும்வரை காத்திராமல்.