ஊருக்குப் போகும்போது ஆக்சலாட்டில் தொட்டியில் செய்யக்கூடாதவை

ஒரு வாரம் ஊருக்குப் போக வேண்டும் என்றதும், ஆக்சலாட்டில் (தண்ணீரிலேயே வாழும், பல்லி மாதிரி நாலு கால் கொண்ட சாலமாண்டர் வகைப் பிராணி) வளர்ப்பவர்கள் முதலில் கவலைப்படுவது தீனியைப் பற்றித்தான். கவலையே தேவையில்லாத விஷயமும் அதுதான். வளர்ந்த ஆக்சலாட்டிலுக்கு வாரத்தில் இரண்டு மூன்று வேளை தீனி போதும். கொழுகொழுவென்று இருக்கிற ஒன்று ஏழெட்டு நாள் சாப்பிடாவிட்டாலும் தாங்கும். அந்தப் பட்டினியைத் தடுக்க நாம் செய்கிற ஏற்பாடுதான் வினையாகிறது.

மீன் கடையில் விடுமுறைக்கென்று ஒரு வெள்ளைக் கட்டி விற்பார்கள். தண்ணீரில் கரைந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தீனியை விடும். அது கொறித்துத் தின்னும் சின்ன மீன்களுக்கானது. ஆக்சலாட்டில் மோப்பம் பிடித்தோ, எதிரே அசைவதை உணர்ந்தோ லபக்கென்று உறிஞ்சி விழுங்கும் பிராணி, கட்டியைச் சீண்டாது. கட்டி கரைந்து அழுகும், தண்ணீரில் அம்மோனியா என்ற நஞ்சு ஏறும். ஆட்டோமேட்டிக் ஃபீடர் கொட்டுகிற பெல்லட்டும் தின்னாமல் அடியில் கிடந்தால் இதே கதைதான். ‘பசித்தால் பிடித்துத் தின்னட்டும்’ என்று நாலு கோல்ட்ஃபிஷை விட்டுப் போவது இன்னும் மோசம். அவை இதன் இறகு மாதிரியான செவுள்களைக் கொறிக்கும், நோயையும் கொண்டுவரும்.

குட்டிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அவற்றுக்குத் தினமும் தீனி வேண்டும். பசித்தால் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். கால் திரும்ப முளைக்கும் என்பது உண்மைதான், அதற்காகக் கடிபட விடுவதா? குட்டி வைத்திருப்பவர்கள் தீனி கொடுக்கத் தெரிந்த ஆளைப் பிடித்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும்.

உண்மையான ஆபத்து சூடு. இதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ நீர்நிலைகள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், அதாவது நம் ஊட்டி இருக்கிற உயரம். 16 முதல் 18 டிகிரி வரைதான் இதற்குச் சுகம். 20ஐத் தாண்டினால் திணறும், 24க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் உயிருக்கே ஆபத்து. சென்னையிலோ மதுரையிலோ ஏசியோ, தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரோ இல்லாமல் இதை வளர்க்கவே முடியாது. தொட்டி மேல் ஃபேனை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையலாம், ஆனால் தண்ணீர் ஆவியாகி மட்டமும் இறங்கும். கடலோரப் புழுக்கத்தில் அதுகூடக் கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரரிடம் தினமும் ஒரு ஐஸ் பாட்டிலைத் தொட்டியில் போடச் சொல்வதும் வேண்டாம். காலையில் சடாரென்று குளிர்ந்து மாலைக்குள் மறுபடி சூடேறுகிற தண்ணீர் அதை வாட்டி எடுக்கும்.

சில்லர் இருக்கிறதே என்று நம்பி, வீட்டின் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுப் போவோரும் உண்டு. சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கிற சூட்டை அந்த அறைக்குள்தான் தள்ளுகிறது. காற்றுப் போக வழியில்லாத அறை உலையாகி, கடைசியில் சில்லராலேயே தொட்டியைக் குளிர்விக்க முடியாமல் போகும். அந்த அறையில் ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும், இல்லையென்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

நம் வீடுகளுக்கே உரிய பழக்கம் ஒன்று, ஊருக்குக் கிளம்பும்போது மெயினை அணைப்பது. நீங்கள் மறக்காவிட்டாலும், கடைசியாகப் பூட்டுகிற பெரியவர் அணைத்துவிடுவார். மெயின் ஸ்விட்சிலும் தொட்டி பிளக்கிலும் ‘அணைக்காதே’ என்று எழுதி ஒட்டுங்கள். ஃபில்டர் பல மணி நேரம் நின்றால் உள்ளே அம்மோனியாவைச் சிதைக்கிற நல்ல பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகும். கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள் வந்து விழும். கிளம்பும் அன்று கரப்பானுக்கு மருந்தடிப்பதும் கூடாது. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் அனுப்புகிறது. பூச்சிமருந்து ஆக்சலாட்டிலின் மெல்லிய தோலுக்கு விஷம்.

சுத்தம் செய்கிறேன் என்று முதல் நாள் ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் அலசுவதும் தவறுதான். குளோரினில் அதே நல்ல பாக்டீரியா போய்விடும், அம்மோனியா ஏறுவதைப் பார்க்க நீங்கள் இருக்கமாட்டீர்கள். ஃபில்டர் வேலையை ஒரு வாரம் முன்பே, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் முடித்துவிடுங்கள். கடைசித் தீனி கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு. மறுநாள் கழிவைச் சைஃபன் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்து, ஆன்ட்டி குளோரின் (குளோரினை நீக்கும் மருந்து) கலந்த தண்ணீரில் கால்வாசி மாற்றினால் போதும். கிளம்பும் காலையில் வயிறு முட்ட மண்புழு போட்டுவிட்டுப் போனால், அந்தக் கழிவு முழுவதும் நீங்கள் இல்லாத நாட்களில் தொட்டியில் ஊறும்.

பார்த்துக்கொள்ள வருபவர் நல்ல மனசுக்காரராக இருந்தால்தான் பிரச்சினை. கண்ணாடி பக்கம் போனாலே அது வாயைத் திறந்துகொண்டு வரும். ‘பாவம், பசிக்குது போல’ என்று அள்ளிப் போட்டுவிடுவார். தீனி டப்பாவை ஒளித்து வைப்பதே நல்லது. அவரிடம் கேட்க வேண்டியது தினமும் ஒரு போட்டோ, அதில் தெர்மாமீட்டரும் தெரிய வேண்டும். செவுள் முன்பக்கம் வளைந்திருந்தாலோ, வால் நுனி சுருண்டிருந்தாலோ, மேலே மிதந்துகொண்டே இருந்தாலோ உடனே உங்களை அழைக்கட்டும். அவசரத்துக்கு ஒரு மூடி போட்ட டப்பும், குளோரின் நீக்கிய தண்ணீர் இரண்டு கேனும் குளிர்ந்த இடத்தில் இருக்கட்டும்.

டப்பில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அது நோய்க்காகச் சிலர் கையாளும் முறை. அதில் தினமும் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும், வீட்டில் ஆளில்லாதபோது அதை யார் செய்வது?

திரும்பி வந்ததும் பாசத்தில் தீனி போடாதீர்கள். முதலில் தண்ணீரில் அம்மோனியா, அது சிதையும்போது உண்டாகும் நைட்ரைட் இரண்டுக்கும் சோதனை. இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே தண்ணீரை மாற்றிவிட்டு, மறுநாள் ஒரே ஒரு மண்புழு.