பெரிய கான்கிரீட் தூண்: தலைப்பகுதியைப் பலமாக்குவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எழும்பும் புது மண்டபங்களில், பழைய செட்டிநாட்டு வீட்டு வளவு (உள்முற்றம்) தூண் போலத் தெரியவேண்டும் என்று 2 அடி விட்டத்தில், 15 அடி உயரத்தில் உருண்டைத் தூண் போடுகிறார்கள். கலவை ஒன்றுதான், ஆனால் அடியும் தலையும் ஒரே பலத்தில் இருப்பதில்லை. ஜல்லி கீழே அமர, தண்ணீர் மேலே ஏறுகிறது. அடி இறுகுகிறது, தலையில், முக்கியமாகக் கடைசி 1 அடியில், பலம் குறைகிறது. பீம் வந்து உட்காருவதும் அங்கேதான்.

50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 22 லிட்டர் தண்ணீர், அதிலும் மணலின் ஈரத்தைக் கழித்து. கலவை கம்பிக்குள் இறங்கவில்லை என்று வேலையாட்கள் இன்னொரு வாளி தண்ணீர் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் மருந்து) சேருங்கள். 5 அடிக்கு மேலிருந்து கொட்டினால் ஜல்லி பிரிந்துவிடும். குழாய் விட்டு இறக்குங்கள். ஒன்றரை அடிக்கு ஓர் அடுக்கு. வைப்ரேட்டர் ஊசி (கலவைக்குள் விட்டு அதிரவைத்து இறுக்கும் கருவி) கீழ் அடுக்குக்குள்ளும் 4 அங்குலம் போகட்டும். குமிழி நின்றதும் மெதுவாக எடுங்கள். வெடுக்கென்று உருவினால் துளை மூடாது.

கடைசி 2 அடிக்குக் கலவை சற்று இறுக்கமாக இருக்கட்டும். மேலே பால் (சிமெண்ட் கலந்த வெள்ளைத் தண்ணீர்) தேங்கினால் வழித்து எறியுங்கள். அதன்மேல் சிமெண்ட் தூவுவது பெரிய தவறு: மேலே மெல்லிய தோல்தான் கட்டும். ஊசி தன் எடையிலேயே இறங்கும் பதம் இருக்கும்போதே தலைப்பகுதியை இன்னொரு முறை வைப்ரேட் செய்யுங்கள். ஏறிய தண்ணீர் விட்ட இடைவெளி அடைபடும். மறுநாள் உச்சியை ஜல்லி தெரியும்வரை கொத்திவிடுங்கள்.

சித்திரை வெயில் காலத்தில் மாலையில் கான்கிரீட் போடுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் கொதித்த தண்ணீர் ஆகாது. கலவை 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. பருத்த தூணின் நடுவில் சூடு தங்கும், தோல் சீக்கிரம் ஆறும், வெடிப்பு விடும். பலகையை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள்.

சாக்குச் சுற்றித் தண்ணீர் அடித்தாலும் அது கீழே வடிந்து தலைதான் முதலில் காயும். உச்சியில் ஓட்டைக் குடம் வைத்துச் சொட்டவிடுங்கள். பிபிசி (PPC, சாம்பல் போன்ற பொசோலானா கலந்த) சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், 14 நாள் உத்தமம்.

சந்தேகம் வந்தால் கம்பி இருக்கும் இடத்தைக் கருவியால் குறித்துக்கொண்டு 3 கோர் (துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு) எடுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 படி சராசரி, அந்த வயதுக்குரிய கியூப் பலத்தில் (கனசதுரக் கட்டியை அழுத்திப் பார்க்கும் பலம்) 85 சதவீதம் வேண்டும். எந்த ஒன்றும் 75க்குக் கீழே போகக்கூடாது. வந்த கலவை சரியா என்று பார்க்க நடுவில் துளையுங்கள். தூண் தாங்குமா என்று பார்க்கத் தலைப்பக்கம் துளையுங்கள். கைக்கு எட்டும் உயரத்தில் மட்டும் எடுத்த கோர் தலையைப் பற்றி எதுவும் சொல்லாது.