முன்பணம் கட்டிவிட்டு வங்கிக்கு வராதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கல்விக் கடன் கேட்டு வரும் பெற்றோரை வங்கியில் பல வருடம் பார்த்திருக்கிறேன். மூத்த பிள்ளைக்குச் சூடுபட்டவர்களே இளையவனுக்கும் அதே தப்பைச் செய்துவிட்டு வந்து உட்காருவார்கள். கடைசித் தேதி, ஜெராக்ஸ் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

பொறியியல் கலந்தாய்வுக்கு முன்பே மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். ரிசல்ட் வந்த மறுநாளே போன் வரும்: "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ரெண்டே சீட்தான் சார், இன்னைக்கு அட்வான்ஸ் போட்டா பிளாக் பண்ணிடலாம்." பயந்துபோய் நகையை அடகு வைத்துக் கட்டிவிடுகிறார்கள்.

லாரி ஓட்டும் ஒருவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ரசீதை எடுத்து நீட்டினார். 'கட்டட நிதி' என்று பேனாவால் எழுதி, ஒரு லட்சம். முத்திரைகூட இல்லை.

"ஏங்க, இன்னும் ரேங்க் லிஸ்டே வரலையே?"

"சீட் போயிடும்னு சொன்னாங்க சார்."

போன வருடக் கட்-ஆஃப் பட்டியலைத் திறந்து காட்டினேன். அதே கல்லூரியில் அதே பிரிவு, அவர் மகனைவிடக் குறைந்த மார்க்குக்கும் கலந்தாய்வில் போயிருந்தது.

நஷ்டம் அந்த ஒரு லட்சத்தோடு நிற்காது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு டியூஷன் ஃபீஸில் வருடத்துக்கு 25,000 ரூபாய் வரை கிடைக்கும் சலுகை, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியாகத்தான். அதில் ஹாஸ்டல் செலவைக்கூட அரசு ஏற்கிறது. மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடனும் மேனேஜ்மென்ட் சேர்க்கைக்குப் பொருந்தாது. நன்கொடைக்கோ எந்த வங்கியும் கடன் தராது. கல்லூரி கொடுக்கும் கட்டணச் சான்றில் உள்ளதற்குத்தான் தருவோம்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, டி.சி., மார்க் ஷீட் அசலைத் தடுத்து வைக்கக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் கேட்டால் "சேர்மன் ஊர்ல இல்லை" என்பார்கள். ஆனால் முத்திரையில்லாத 'கட்டட நிதி' ரசீதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது கஷ்டம். லாரிக்காரருக்குப் பாதிதான் திரும்பி வந்தது.

கடனுக்குச் சொத்துப் பத்திரம் தேடி அலைவது

ஏழரை லட்சம் வரை தேவையில்லை. பெற்றோரின் கையெழுத்து போதும்.

படிக்கும்வரை வட்டி இல்லை என்று நினைப்பது

தவணைதான் இல்லை, வட்டி ஓடும். வருடா வருடம் ஒரு லட்சமாக நாலு வருடம் வாங்கி, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துக் கட்டத் தொடங்கினால், 10 சதவீதத்தில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அது அசலோடு ஏறிவிடும். மாதா மாதம் வட்டியை மட்டுமாவது கட்டிவாருங்கள். அதற்கு ஒரு சதவீதம் வரை சலுகை தரும் வங்கிகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழைத் தள்ளிப்போடுவது

இ-சேவை மையத்துக்கு இன்றே போங்கள்.

டியூஷன் ஃபீஸை மட்டும் கணக்குப் போடுவது

பஸ், மெஸ், தேர்வுக் கட்டணம், 'பிளேஸ்மென்ட் டிரெயினிங்' என்று பின்னாலேயே வரும். ஆபீஸில் கேட்டால் பாதிதான் சொல்வார்கள். அங்கே படிக்கிற இரண்டாம் ஆண்டுப் பையன் யாரையாவது பிடித்து, போன வருடம் மொத்தம் எவ்வளவு கட்டினான் என்று கேளுங்கள்.